கழற்றி மாட்டிய எட்டு போல்ட்டுகள்

1

இந்தக் கதையில் என்னுடையது என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம்கூட முழுசாக இல்லை. காரியாபட்டியிலிருந்து அருப்புக்கோட்டை வந்த பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் போனில் சொன்னார்: “கம்பெனி போல்ட்டுடா, கழட்டி மாட்டுனாலும் நிக்கும்.” பாளையம்பட்டியில் இறங்கிப் போய்விட்டார். மிச்சத்தை நான் எழுதிக் கைவிட்ட கதைகளிலிருந்து கழற்றி எடுத்திருக்கிறேன். புதிதாகச் செய்யத் தெம்பில்லை.

2

திருச்சுழி ரோட்டில் கருவேலங்காட்டுக்கு மேலே சூரியன்

வேண்டாம். அது எல்லாக் கதையிலும் உதித்தாயிற்று.

மெக்கானிக் தவசி பாளையம்பட்டியில் ஷெட் வைத்திருக்கிறார். டிராக்டர், லோடு வண்டி பார்ப்பவர். (முன்பொரு கதையில் இவரை டீக்கடைக்காரராக வைத்திருந்தேன். மனைவியிடம் ஒரு பொய் சொல்லிவிட்டு மேற்கொண்டு நகரமாட்டேன் என்று நின்றுவிட்டார். அதே ஆள்தான், சட்டையில் கிரீஸ் மட்டும் புதிது. பழைய பொய்யில் கொஞ்சம் இழுபட்டிருப்பார். தாங்குவாரா, தெரியாது.)

3

தவசியின் மச்சினன் தங்கபாண்டிக்கு ரேஸ் பைத்தியம். பழைய கார் ஒன்றை வாங்கி, வேகம் கூட்ட டர்போ மாட்டிக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, இன்ஜினைப் பிரித்துப் புதுசாகக் கட்டச் சொல்லி ஷெட்டில் விட்டான். ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர்ப் பக்கம் போட்டி. பிஸ்டன் புதுசு, பேரிங் புதுசு. பிஸ்டனைத் தாங்கும் ராடுகளைச் சுழலும் க்ராங்கோடு இறுக்கிப் பிடிக்கும் எட்டு போல்ட்டும் புதுசாக வரவழைத்திருந்தான். அந்த எட்டில் ஒன்று அறுந்தால் ராடு இன்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஆயில் டயரில் கொட்டும். அந்த வேகத்தில் அப்புறம் வண்டி யார் பேச்சையும் கேட்காது.

தவசி ஒரு போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“மாப்ள, இது டூப்ளிகேட்டு மாதிரி இருக்கேப்பா.”

“மச்சான், ஒங்களுக்கு டிராக்டர் போல்ட்டுதான் தெரியும். இது ரேஸ் சாமான். மாட்டுங்க சும்மா.”

வீரசோழனில் ஒரு டிராக்டருக்கு இப்படித்தான் பளபளவென்று ஒரு செட்டை மாட்டி, ஒரே வாரத்தில் ராடு வெளியே வந்தது. அன்றிலிருந்து தவசிக்கு ஒரே கணக்கு: புது டூப்ளிகேட்டை விடப் பழைய ஒரிஜினல் மேல். மச்சினன் போனதும், வண்டியில் முதலில் இருந்த கம்பெனி போல்ட்டையும் புதுசையும் கண்ணாடிச் சில்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பழசு ஒரு முடி அளவு நீளம்.*

* இங்கேதான் எனக்கும் ஓடவில்லை. டர்போ கொடுத்த அழுத்தத்தில் பழசு இழுபட்டு நீண்டிருக்கலாம். அப்படியானால் அது அறுகிற போல்ட்டு. இல்லை, டூப்ளிகேட் செய்தவன் புதுசைக் குட்டையாகச் செய்திருக்கலாம். அப்படியானால் பழசுதான் சரி. எதை வைத்து எதை அளப்பது? வேறு செட் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது.

தவசி பழசையே மாட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. புதுசு எட்டும் வேஸ்ட்டுத் துணிக்கடியில் போயின.

4

வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கிளப்பினார்கள். டயருக்கடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு வந்தாள் தவசியின் மனைவி முருகேஸ்வரி. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று வைத்தாள். கை துடைக்கத் துணியை இழுத்தவள் அப்படியே நின்றாள்.

“ஏங்க, தம்பி வாங்கிட்டு வந்த போல்ட்டு இங்க கெடக்கு. அப்ப உள்ள என்ன போட்டீக?”

தவசி ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார்.

“ஒங்களத்தான் கேக்குறேன். அவன் தண்ணி பிடிக்கவா போறான்? ரேஸுக்குப் போறான்.”

இன்ஜின் சத்தத்தில் தங்கபாண்டிக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கிக் கத்தினான்: “அக்கா, ஆரத்தி எடுக்குறதுக்குள்ள பெட்ரோல் தீந்துரும். பழத்த வையி!”

5

முடிவு ஒன்று: தவசி ஒப்புக்கொள்கிறார். இன்ஜினைப் பிரிக்கிறார்கள். தங்கபாண்டி அக்கா வீட்டு வாசல் மிதிப்பதில்லை. (புதுசு டூப்ளிகேட்தான் என்று பின்னால் தெரியவர, அழுகை. இதை ஏற்கெனவே இரண்டு கதைக்கு மாட்டியிருக்கிறேன்.)

முடிவு இரண்டு: வாயைத் திறக்கவில்லை. தங்கபாண்டி கப்போடு வருகிறான். தவசி அன்றிரவு தூங்குகிற

முடிவு மூன்று: வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் போன்

இல்லை. மூன்றுமே ஒருமுறை முறுக்கிக் கழற்றியவை. முடி அளவு நீண்டிருக்கின்றனவா என்று பார்க்க என்னிடமும் புதுசு ஒன்று இல்லை. தவசி செய்ததைத்தான் நானும் செய்வேன் என்று தெரிந்ததால் கையைத் துடைத்துக்கொண்டு விலகுகிறேன்.

நாலாவது பழம் இன்னும் முருகேஸ்வரி கையில் இருக்கிறது. அவள் குனியவில்லை. தவசியின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எந்த எட்டை நம்புவது என்று உங்களுக்குத் தெரிந்தால் அந்தப் பழத்தை வாங்கி நீங்களே வையுங்கள்.

தங்கபாண்டி ஹாரன் அடிக்கிறான்.