பத்து விரலுக்கும் ஊசி

1

இந்தக் கதை ஆரணியில் ஒரு தோல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. எதிரே ஒரு பெண் இரண்டு கைகளையும் கைப்பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதையோ தேடுகிறாள் என்று நினைத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை தேடிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்குச் சுகன்யா என்று பெயர் வைத்தேன். முதல் வரி: ‘அவளுடைய விரல்களைப் பார்த்துத்தான் கிரண் அவளை...’

(அடித்துவிட்டேன். குடும்பக் காதல் கதை எழுதிப் பழகிய கை இது. விட்டால், புருஷன் விரலைப் பிடித்து ‘எனக்கு நீ அழகுதான்’ என்பான். நகத்தில் சோரியாசிஸ் வந்தவளுக்கு வேண்டியது மருந்து. வசனத்தைக் கொண்டுபோய் அடுப்பில் போடுங்கள்.)

2

தறியில் தீரப்போகும் பாவின் நீளவாட்டு இழைகளோடு புதுப் பாவின் இழைகளை விரல் நுனியால் முறுக்கி இணைப்பது சுகன்யாவின் வேலை. நகங்கள் குழிகுழியாகி நுனி தூக்கிக்கொண்டதும் பட்டிழை மாட்டி அறுந்தது. புருஷன் கிரண் பிசிறு வெட்டும் கத்தரியை எடுத்தான். புடவையில் பிசிறு நின்றால் அதைத்தானே செய்வார்கள்? தூக்கிய நகங்களை ஒட்ட ஒட்ட வெட்டிவிட்டான். அன்பாகத்தான்.

“நகத்துல அடிபட்டா நோய் இன்னும் ஏறும். யாரு வெட்டச் சொன்னது?” என்றார் டாக்டர் சோபியா.

கிரண் செல்போனைப் பார்த்தான்.

“மத்தவங்களுக்கு ஒட்டிக்குமா டாக்டரம்மா?” என்றாள் மாமியார் பூங்காவனம்.

“ஒட்டாதும்மா.”

3

டாக்டர் வழிகளைச் சொன்னார். களிம்பு வலிக்காது, ஆனால் நகம் வளரும் வேகத்தில், மாதக்கணக்கில்தான் பலன். நகத்தின் வேரில் ஊசி போடலாம். உயிர் போகும் வலி, ஒன்றிரண்டு விரல் என்றால் பரவாயில்லை. வாரம் ஒருமுறை மாத்திரை, பத்து நகத்துக்கும், நோயோடு சேர்ந்து வந்திருக்கும் விரல் மூட்டு வலிக்கும் சேர்த்துக் கேட்கும். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது, நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம்...

“மாத்திர இன்னாத்துக்கு? ஊசியே போட்டுடுங்க,” என்றாள் பூங்காவனம்.

“பத்து விரலுக்குமா? மூட்டு வலிக்கு அது ஒண்ணும் பண்ணாது.”

“காலைல டம்ளர்கூட புடிக்க முடியல டாக்டர்...” என்று ஆரம்பித்தாள் சுகன்யா.

“சும்மா இரு. பேசிகினு கீறோம் இல்ல? வலியெல்லாம் தாங்கிக்குவா. இன்னாடா கிரணு?”

“நீ சொன்னா சரிம்மா.”

யாருடைய விரலடா அது?

(எழுதுகிறவள் கதைக்குள் கத்தக் கூடாது. கத்திவிட்டேன். இருக்கட்டும்.)

4

ஒரு முடிவு: கிரண் மனம் மாறி, ‘மாத்திரையே கொடுங்க’ என்கிறான். (எப்போது மாறினான்? நான்தான் மாற்றினேன்.) இன்னொன்று: அவள் ஊசிக்குக் கையை நீட்டுகிறாள், அடுத்த பத்தியில் தொட்டில் ஆடுகிறது, எல்லோரும்... (கிழித்துப் போட்டேன்.) மூன்றாவதில் அவளுக்கு மாத்திரையை நானே எழுதிக் கொடுத்தேன். அப்போதுதான் உறைத்தது, பூங்காவனத்துக்குப் பக்கத்து நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

“சுகன்யாவத் தவிர எல்லாரும் வெளிய இருங்க,” என்றார் டாக்டர்.

“பேஜாரு புடிச்ச ஆசுபத்திரி,” என்று முனகிக்கொண்டே பூங்காவனம் எழுந்தாள். பின்னாலேயே கிரண்.

சுகன்யா பைக்குள்ளிருந்து கைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

நானும் எழுந்துவிட்டேன். நீங்கள் இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? எல்லாரும் என்றுதானே டாக்டர் சொன்னார். வாருங்கள். வரும்போது கதவைச் சாத்துங்கள்.