தினமும் ஒரு டன்

பிக்கப்காரர் தன் பழைய சரக்கு வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாற்றத் துணிந்தது வண்டியின் மேல் இரக்கப்பட்டு அல்ல. பக்கத்து சீட் காலியாக இருப்பதைத் தாங்க முடியாமல்தான். இரண்டு வருடமாக அந்த இடத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டு வந்தது. அங்கே உட்கார வேண்டிய அவர் மனைவி, முதுகில் டிஸ்க் விலகியதிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள்.

"பஸ்ல நின்னுக்கிட்டே போனாக்கூடப் பரவாயில்ல. இதுல உட்கார்ந்தா உசிரு போயிட்டு வருது. ஷாக்கை மாத்துங்க, அப்புறம் ஏறுறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவள் சலவை நிலையத்தில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவள். வீட்டுக்கு வந்தால் சமையல், மாத்திரை, படுக்கை. போக அரை மணி, வர அரை மணி, வண்டியில் பேசிக்கொண்டு போனதுதான் இருவருக்கும் மிஞ்சியிருந்த பேச்சு. அதுவும் போனதில் மனிதர் பாதியாகிவிட்டார். வாய்விட்டுச் சொல்வாரா என்றால், மாட்டார்.

உதிரிபாகக் கடைக்காரர் மேசைமேல் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"முன்னாடி ஸ்ட்ரட், பின்னாடி ஷாக், எல்லாத்தையும் ஒண்ணா மாத்திடுங்கண்ணே. பாதி புதுசு பாதி பழசுன்னா வண்டி நொண்டும். இந்த செட்டு ஆளுங்க போற வண்டிக்கு, மெத்துன்னு இருக்கும். அந்த செட்டு தினமும் பாரம் சுமக்கிற வண்டிக்கு. பாரம் இருந்தாத்தான் அது அசைஞ்சு கொடுக்கும். காலியா ஓட்டினா இடுப்பைக் கழட்டிடும். நீங்க எவ்வளவு லோடு ஏத்துவீங்க?"

வாரத்துக்கு ஒரு பீரோ, எப்போதாவது ஒரு ஃபிரிட்ஜ். இந்தப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் நின்றது மனைவியின் அண்ணன். மூன்று லாரி வைத்திருப்பதால் சொந்தபந்தத்தில் அவருக்கு 'மூணு லாரி' என்றே பெயர். நல்ல ஷாக் வாங்கித் தருகிறேன் என்று தானாகவே கூட வந்தவர். போன வருடம் இதே மனிதர், "வண்டியத் தள்ளிவிட்டுட்டு எங்கிட்ட டிரைவரா வந்துடுங்க மாப்ளே" என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருந்தார்.

"தினமும் ஒரு டன்" என்றார் பிக்கப்காரர்.

மூணு லாரி புருவத்தை உயர்த்தினார். "பரவாயில்லையே மாப்ளே."

கடைக்காரர் மெத்தென்ற பெட்டியை அலமாரியில் திருப்பி வைத்தார். வீட்டில் வலியோடு ஒருத்தி காத்திருக்கிறாள், இங்கே இவருக்கு ஒரு 'பரவாயில்லையே' போதுமாக இருந்தது.

பட்டறையில் புது ஷாக்கை மாட்டிக்கொண்டு திரும்பும் வழியிலேயே வண்டி தன் கருத்தைச் சொல்லிவிட்டது. சாலையில் கிடந்த ஒரு சிகரெட் துண்டின் மேல் ஏறினால்கூட, அது எந்தப் பக்கம் கிடந்தது என்று அவர் முதுகுக்குத் தெரிந்தது. மாட்டிக் கழற்றியதைக் கடையில் திருப்பி வாங்க மாட்டார்கள். மனைவியோ, "திங்கக்கிழமையிலேர்ந்து உங்ககூட வர்றேன்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாளாக இருபது மூட்டை மணலை வண்டியில் ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினார். அன்றைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தது அவர்தான்.

திங்கள் காலை அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தாள். முதல் வேகத்தடை வந்தது, போனது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"தாண்டிட்டோமா?"

"எப்பவோ."

அவள் கைப்பிடியை விட்டாள். பிறகு பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "என்னங்க பின்னாடி இவ்வளவு?"

"கட்டட சாமான். ஒரு பார்ட்டியோடது. தினமும் போகுது."

ஒரேயடியாகப் பொய் என்று தள்ளிவிட முடியாது. மணல் இல்லாமல் கட்டடம் ஏது? தினமும் போகிறது என்பதும் உண்மைதான். போன மாதிரியே திரும்பியும் வருகிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மூன்று வாரம் மனிதர் தரையில் நடக்கவில்லை. அவள் பேசிக்கொண்டே வந்தாள். மேனேஜர் தலையில் வைக்கும் விக்கைப் பற்றி, எதிர்வீட்டுச் சண்டையைப் பற்றி, மகள் போனில் சொன்னதைப் பற்றி. நடுவில் பீரோ ஏற்ற ஒருவர் கூப்பிட்டார். "வண்டி ஃபுல்லுங்க" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அடுத்த வாரம் ஃபிரிட்ஜ்காரருக்கும் அதே பதில். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு இவ்வளவு கிராக்கி இருந்ததில்லை.

நான்காவது வெள்ளிக்கிழமை மாலை அவள் ஒரு துணிப்பையோடு வந்து ஏறினாள். பையில் அவளுடைய டம்ளர், வேலைக்குப் போடும் செருப்பு, இடுப்பு பெல்ட்.

"சொல்லிட்டேங்க, நாளையிலேர்ந்து வரலன்னு" என்றாள். "அண்ணன்கூடச் சொன்னான், தினமும் ஒரு டன் ஓடுதாமே. நானும் பாத்துக்கிட்டுத்தானே வர்றேன். இனிமே நான் எதுக்கு நின்னு சாகணும்?"

அந்த முகத்தில் இரண்டு வருடமாகக் காணாத சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. சாவியைத் திருப்பப் போன கை அப்படியே நின்றது.

"அது மணல்" என்றார்.

"சரி."

"பார்ட்டின்னு யாரும் இல்ல. காலி வண்டி குலுங்குது. நீ உட்காரணும்னு நான்தான் ஏத்தினேன்."

அவள் திரும்பி, தார்ப்பாயைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து, மெல்ல இறங்கினாள். இடுப்பில் ஒரு கையை வைத்தபடி சலவை நிலையத்தைப் பார்த்து நடந்தாள். பத்தடி போனவள் திரும்பி வந்து ஜன்னலருகே நின்றாள்.

"மேனேஜர் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார். வேலையத் திரும்பக் கேட்டுட்டு வந்துடறேன்" என்றாள். "மூட்டைய இறக்கிடாதீங்க. நாளைக்குக் காலையில இதுலதான வரணும்."