முப்பத்தொன்றாம் பிரிவைப் பின்தொடரும் இரண்டு பேர்

"ஓடு... ஓடித் தொலை!"

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் திட்டியது மனிதர் யாரையும் அல்ல. கணினித் திரையில் நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்த நீலக் கோட்டை.

நாற்பது சதவீதம். நாற்பத்தொன்று. அங்கேயே நின்றது.

நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் மசோதாவின் மூன்றாம் பதிப்பு ஏறிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. ஏறிய சூடு ஆறுமுன் அதை இறக்கி, பழைய பதிப்போடு ஒப்பிடும் கருவிக்குள் தள்ளியிருந்தாள். மாறாத வரி கறுப்பில் வரும், வெட்டிய வரி சிவப்பில், புதிதாகச் சேர்த்தது பச்சையில். ஒரு மணிக்கு ஓட்டெடுப்பு. சுவர்க்கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது.

"என்ன பூதக்கண்ணாடி, மெஷினை மிரட்டினா வேகமா ஓடுமா?"

பக்கத்து மேஜையில் இருந்தவன் கத்தரி. செய்தித்தாளை வெட்டி ஒட்டிய காலத்திலிருந்து இங்கே இருப்பவன். வேலை மாறியும் பெயர் மாறவில்லை.

"உன்னை மிரட்டினாத்தான் வேகமா ஓடுவே. வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஆறு கணினி, ஆடும் மின்விசிறி ஒன்று. அலுவலகம் அவ்வளவுதான். நாட்டில் வரும் ஒவ்வொரு மசோதாவையும் முதல் வரைவிலிருந்து கடைசி ஓட்டுவரை இணையத்தில் துரத்திப் போய், எந்த வரி எங்கே மாறியது என்று சந்தாதாரர்களுக்கு எழுதி அனுப்புவது அவர்கள் பிழைப்பு. காற்புள்ளி ஒன்று காணாமல் போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பூதக்கண்ணாடி என்ற பட்டம் சும்மா வரவில்லை. வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக அவள் கையால் எழுதிய சீட்டு ஒன்றுகூடச் சுவரில் ஒட்டியிருந்தது. அந்தச் சீட்டை அவள் இன்று நிமிர்ந்து பார்க்கவில்லை. மசோதாவை முழுதாக ஓட்டிப் பார்க்கவும் பொறுமை இல்லை. 'பிரிவு 31 மட்டும் காட்டு' என்று கட்டத்தில் குறி போட்டிருந்தாள்.

நூறு சதவீதம்.

திரை ஒருமுறை இமைத்தது. முப்பத்தொன்றாம் பிரிவு வந்தது. முதல் மூன்று உட்பிரிவுகளும் கறுப்பு.

நான்காவது முழுக்கச் சிவப்பு.

கண்ணை மூடித் திறந்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

அது தத்தெடுப்பு மசோதா. பெற்றவளின் ஒப்புதல் கடிதத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், பெற்றவள் எத்தனை வருடம் கழித்தும் நீதிமன்றம் போய்த் தத்தைத் திறந்து விசாரிக்கச் சொல்லலாம் என்கிறது முப்பத்தொன்று. நான்காம் உட்பிரிவு ஒரே வரி. 'இச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் நிறைவேறிய தத்துகளுக்கு இப்பிரிவு பொருந்தாது.'

அந்த ஒரே வரிக்குள்தான் அவள் குடும்பம் ஐந்து மாதமாகக் குடியிருந்தது.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரி அறையில், பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் ஒருத்தி சாட்சி போட்டாள். இரண்டாம் சாட்சியாக வர வேண்டியவர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கோடு காலியாகவே நின்றது. யாரும் கவனிக்கவில்லை. பதிவு அலுவலகம் முத்திரை குத்தியது. தத்தெடுக்கப் போயிருந்த அவள் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

காலிக் கோடு அவள் கண்ணில் பட்டது இந்த வேலைக்கு வந்த பிறகு. அடுத்தவர் ஓட்டையைத் தேடித் தேடிப் பழகிய கண், ஒருநாள் சொந்த பீரோவுக்குள்ளேயே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தது. அன்றுமுதல் நிம்மதி போயிற்று.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. தான் வயிற்றில் சுமக்காத பிள்ளை என்பதே தெரியாது. அடுத்த பிறந்தநாளுக்குச் சொல்லலாம், அடுத்த பரீட்சை முடியட்டும் என்று தள்ளித் தள்ளிப் பதினைந்து வயதாகிவிட்டது.

கைப்பேசி அதிர்ந்தது. தெரியாத எண். தெரியாத எண்ணை அவள் எடுப்பதில்லை. வெட்டினாள்.

உடனே விரல் தானாக இணையதளத்தின் இன்னொரு பக்கத்துக்குப் போனது. தினம் காலையில் பல் விளக்குமுன் பார்க்கும் பக்கம். அங்கே மசோதாவை மட்டுமல்ல, ஒரு தனிப் பிரிவைக்கூடப் பின்தொடரலாம். மாற்றம் வந்தால் செய்தி வரும். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற எண்ணிக்கையும் ஓரத்தில் நிற்கும். யார் என்று மட்டும் காட்டாது.

'பிரிவு 31. பின்தொடர்பவர்கள்: 2.'

ஐந்து மாதத்துக்கு முன்னால் அவள் பெயர் கொடுத்தபோது அது ஒன்று. மறுநாள் இரண்டு. அதற்குப் பிறகு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முழு மசோதாவை ஆயிரக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள், அது சரி. இந்த ஒரு பிரிவை மட்டும், அதுவும் விடாமல், யார் பார்க்கிறார்கள்? யாருக்கு இது உயிர்ப் பிரச்சினை? யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒரே முகம்தான் தெரிந்தது. பத்தொன்பது வயது முகம். இப்போது அதற்கு முப்பத்துநான்கு வயதாகியிருக்கும்.

மறுபடி அதே எண் அதிர்ந்தது. வெட்டினாள்.

"ஒரு மணிக்குள்ள குறிப்பு அனுப்பணும்மா, ஞாபகம் இருக்குல்ல?" உள்ளறையிலிருந்து ஆசிரியர் குரல் கொடுத்தார்.

"தலைவலி சார். நான் கிளம்பறேன். கத்தரி எழுதுவான்."

"நானா?" கத்தரி துள்ளினான். "ஏய், தலைவலின்னா மாத்திரை போடு. என் தலையில ஏன் போடறே?"

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். இறங்கும்போதே கணவனை அழைத்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எட்டாவது தடவை மணி அடித்தபோது எடுத்தான்.

"சீக்கிரம் சொல்லு. நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன்."

"நானும்தாங்க தொங்கிட்டிருக்கேன். நாலாவது வரியைத் தூக்கிட்டாங்க."

மறுமுனையில் ஸ்பானர் விழும் சத்தம் கேட்டது. எங்கோ ஆழத்தில் போய் மோதியது.

"நல்லாப் பார்த்தியா?"

"பதினோரு வருஷமா வேற என்னத்தைப் பார்க்கறேன்? சிவப்புங்க. முழுக்கச் சிவப்பு. அந்த ரெண்டாவது ஆளுக்கும் இந்நேரம் செய்தி போயிருக்கும். ஏதோ ஒரு நம்பர்லேர்ந்து போன் வேற வந்துட்டே இருக்கு."

"எடுத்துப் பேசேன்."

"பேசி? 'ஆமாம்மா, வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு சொல்லவா?"

"பத்து வயசிலேயே குட்டிகிட்டச் சொல்லிடலாம்னு நான் சொன்னேன்" என்றான்.

"குத்திக் காட்ட இதுவா நேரம்?"

"குத்திக் காட்டலைம்மா. இப்பவாவது அடுத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும். நீ ஸ்கூலுக்குப் போ. நான் மேலே ஏறினதும் வந்துடறேன்."

ஒரு மணி நேரம் காத்துக் கிடைத்த பேருந்தில் நிற்கத்தான் இடம் இருந்தது. கம்பியை ஒரு கையில் பிடித்து, மறு கையில் கைப்பேசியில் அவையின் நேரலையைத் திறந்தாள். மணி ஒன்று பதினைந்து. தொடங்கிவிட்டார்கள். காதுக்குழாயில் அவைத்தலைவரின் குரல், சலவைக் கணக்கு ஒப்பிப்பவர் மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது.

"பிரிவு இருபத்தாறு மசோதாவில் நிற்க வேண்டும் என்போர் ஆம் என்க."

"ஆம்!"

"பிரிவு இருபத்தேழு..."

ஒரு பிரிவுக்கு அரை நிமிடம். பள்ளிக்கு இன்னும் நான்கு நிறுத்தம். முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்றது. ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். அவளுக்கு இறங்கித் தள்ளலாம் போலிருந்தது.

"பிரிவு முப்பது..."

"ஆம்!"

நேரலை சட்டென்று நின்றது. திரையில் அதே எண். வெட்டப் போன விரல் தவறி எடுத்துவிட்டது.

"ஹலோ, எத்தனை தடவைங்க கூப்பிடறது? உங்க பொண்ணு விஷயமா..." பெண் குரல். கனமான, பழக்கமில்லாத குரல். "கொஞ்சம் இருங்க, இங்கேதான் என்கூட..."

பேருந்து பாலத்துக்கு அடியில் புகுந்தது. இணைப்பு அறுந்தது.

என்கூட. இங்கேதான் என்கூட.

வெளிச்சத்துக்கு வந்தபோது நேரலை தானாகத் திரும்பியிருந்தது. "...முப்பத்தைந்து" என்றார் அவைத்தலைவர். முப்பத்தொன்று போய்விட்டது. அவளுக்குக் கேட்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

நிறுத்தம் வருமுன்பே குதித்தாள். பின்னால் நடத்துநர் வாழ்த்தியது காதில் விழவில்லை. செருப்பு ஒன்று வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். பள்ளி வாசலில் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. உள்ளே ஆள் இல்லை. காவலாளி கேட்டதற்கு என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அலுவலக அறைக்கு வெளியே நீள பெஞ்சு. அதன் ஓரத்தில், ஒரு காலை ஆட்டிக்கொண்டு, குட்டி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"யார் வந்தது? உன்கூட யார் இருந்தது?"

"கிளார்க் அக்காம்மா. என்ன கையில செருப்பு? யாரை அடிக்கப் போறே?"

"என்கிட்டப் போன்ல பேசினது..."

"அந்த அக்காதான். நான்தான் கூப்பிடச் சொன்னேன். நீ வெட்டிட்டே இருந்தே. அவங்களுக்குச் சரியான கடுப்பு."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கனமான குரல்காரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை முறைத்துவிட்டுப் பதிவேட்டைத் திருப்பினாள்.

அவள் மகளின் பக்கத்தில் பெஞ்சில் விழுந்தாள். காதுக்குழாய் கழன்று மடியில் கிடந்து, "நாற்பத்தாறு... ஆம்" என்று கொசு மாதிரி முனகியது. இனித் தள்ளிப்போட நாளும் இல்லை, மணியும் இல்லை. மகளின் கையைப் பிடித்தாள்.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன். சொன்னப்புறம் நீ என்னைத் திட்டு, அடி, பேசாம இரு. எழுந்து மட்டும் போயிடாதே."

ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றது.

சொன்னாள். ஆஸ்பத்திரி அறையை, ஒற்றைச் சாட்சியை, காலிக் கோட்டை, இன்று காலை வந்த சிவப்பை, ஐந்து மாதமாக நிழல் மாதிரிக் கூடவே வரும் அந்த இரண்டாவது ஆளை. கோர்வை இல்லாமல், மூச்சு வாங்க, முன்னும் பின்னுமாகச் சொன்னாள். சட்டத்தை மூன்று வரியில் சுருக்கத் தெரிந்தவளுக்குத் தன் கதையைச் சுருக்கத் தெரியவில்லை.

முடித்துவிட்டு மகளின் முகத்தைப் பார்க்கப் பயந்து, கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள்.

"அம்மா."

"ம்."

"ஐம்பத்தெட்டைப் பார்த்தியா?"

"என்ன?"

"ஐம்பத்தெட்டாம் பிரிவும்மா. போனைக் கொடு."

குட்டி மசோதாவின் ஒப்பீட்டைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கே, பச்சையில், அதே வரி இருந்தது. ஆனால் இன்னும் அகலமாக. 'இச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் நிறைவேறிய எந்தத் தத்தும் இச்சட்டத்தின் எந்தப் பிரிவாலும் பாதிக்கப்படாது.' ஒரு பிரிவுக்கு மட்டும் இருந்த காவலை எடுத்து, மொத்தச் சட்டத்துக்கும் காவலாகக் கடைசியில் வைத்திருந்தார்கள். இடம் மாறிய வரியைக் கருவி ஓரிடத்தில் சிவப்பாகவும் வேறோரிடத்தில் பச்சையாகவும்தான் காட்டும். 'சிவப்பைக் கண்டால் கடைசிப் பக்கம்வரை பச்சையைத் தேடவும்.' சுவரில் ஒட்டியிருந்த சீட்டில், அவள் கையெழுத்தில், இருந்தது அந்த ஒரே வரிதான்.

மடியிலிருந்து அவைத்தலைவரின் குரல் வந்தது. "பிரிவு ஐம்பத்தெட்டு மசோதாவில் நிற்க வேண்டும் என்போர் ஆம் என்க."

"ஆம்!"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளுக்கு மூச்சு முட்டியது. குட்டி முதுகைத் தடவினாள். அப்போதுதான் உறைத்தது. தடவிய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்கு எப்படிடி ஐம்பத்தெட்டு தெரியும்?"

குட்டி தரையைப் பார்த்தாள்.

"ஏழாவது படிக்கறப்போ தண்ணிச் சட்டம் பத்திக் கட்டுரை எழுதச் சொன்னாங்க. வீட்டுக் கம்ப்யூட்டர்ல, உன்னோட அந்த நாடாளுமன்றப் பக்கத்தைத் திறந்து 'த'ன்னு அடிச்சேன். நீ முன்னாடி தேடினது எல்லாம் கீழே வரிசையா வந்து நின்னுச்சு. 'தத்து ஒப்புதல் ஒரே சாட்சி செல்லுமா'ன்னு. ஒரு தடவை இல்லைம்மா, முப்பது நாப்பது தடவை தேடியிருந்தே. அப்புறம் பீரோவைத் திறந்து பார்த்தேன்."

நாடே அழித்து எழுதிய வரிகளையெல்லாம் தோண்டி எடுப்பவள், தன் சொந்தத் தடத்தை அழிக்க மறந்திருந்தாள்.

"மூணு வருஷமாவா? ஏன்டி கேக்கலை?"

"நீயா சொல்லணும்னு நினைச்சேன். அப்புறம் இந்த மசோதா வந்துச்சு. இன்னிக்கு லைப்ரரி கம்ப்யூட்டர்ல செய்தி பார்த்ததும், நீ முப்பத்தொண்ணை மட்டும் பார்த்துட்டுப் பயந்துடுவேன்னு தெரியும். அதான் கிளார்க் அக்காவைக் கூப்பிடச் சொன்னேன்."

"லைப்ரரியில உனக்கு எப்படிச் செய்தி வரும்?"

குட்டி கைப்பேசியை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பிரிவு 31. பின்தொடர்பவர்கள்: 2. எண்ணின் மேல் நகத்தால் மெல்லத் தட்டினாள்.

"முதல் ஆள் நீன்னு எனக்குத் தெரியும். மூணாவதா யாராவது வந்துடுவாங்களோன்னு தினமும் பார்ப்பேன். யாரும் வரலைம்மா. ரெண்டாவது ஆள் நான்தான்."