ஓரத்தில் எழுதியிருந்த அல்போன்சா

"உலக யுத்தம் பிடுங்கிக்கிட்டுப் போனதை ஒரே தும்மல்ல திருப்பி வாங்கினவன் நான்!"

அடையாறு ராஜநாயகம் இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் நாசூக்காக வேறு பக்கம் பார்ப்பார்கள். குற்றம் அவர்கள்மேல் இல்லை. தபாலாபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் சார்ட்டிங்கில் முப்பத்தைந்து வருடம் இருந்தபோது, விலாசமே எழுதாத உறையை மோந்து பார்த்து அது காரைக்குடிக்குப் போகவேண்டியது என்று கண்டுபிடித்ததாகச் சொல்கிற மனிதர். தான் பிறந்ததைக் கொண்டாடத்தான் ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் மெட்ராஸில் குண்டு போட்டதாகவும் சொல்வார். அவர் மனைவி மர்சலின், கல்யாணமான முப்பது வருடத்தில் அவர் பேச்சில் பாதியைக் கழிக்காமல் எதையும் ஏற்றுக்கொண்டதில்லை.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் ராஜநாயகம் பெருக்கிச் சொன்னதில்லை. அது தங்கை அல்போன்சா. 1939இல் பதினெட்டு வயதில், பள்ளிக்கூட வேலைக்காகச் சித்தியோடு ரங்கூனுக்குக் கப்பலேறினாள். யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. இங்கேயும் குண்டு விழும் என்ற பயத்தில் குடும்பம் மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துகொண்டு பூண்டிப் பக்கம் ஓடியது. திரும்பி வந்தபோது குடியேறியது அடையாற்றில். ஊரார் கடிதத்தையெல்லாம் வீடு சேர்த்தவருக்குச் சொந்தத் தங்கையின் விலாசம் அகப்படவில்லை. அகதிகள் பட்டியல், கப்பல் பட்டியல், மாதா கோயில்களில் இறந்தவர்களைக் குறிக்கும் அடக்கப் பதிவேடு என்று எல்லாவற்றையும் புரட்டிவிட்டார். தி. நகர் கூட்டத்தில் அவளைப் போல இடது தோளைச் சாய்த்து நடக்கிற பெண்ணைக் கண்டால் போதும், முன்னால் ஓடி முகத்தைப் பார்ப்பார். இரண்டு முறை செருப்படியிலிருந்து மயிரிழையில் தப்பியிருக்கிறார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் வீட்டில் சண்டை. இறந்தவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மாதா கோயில் பூசையில் வாசிப்பார்கள்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு பூசைகூட வைக்காம இன்னும் எத்தனை வருஷம் இழுப்பீங்க? அவ ஆத்துமா தவிச்சுக்கிட்டு நிக்குமே!" என்பாள் மர்சலின்.

"செத்தவங்க ஆத்துமாதான் நிக்கும். அவ எங்கயாவது நடந்துக்கிட்டு இருப்பா, போடி."

1973இல் அவருக்கே அலுத்துவிட்டது. "சரி, எழுதிடலாம்" என்றார். அவள் ஞானஸ்நானம் பெற்ற கோயிலிலேயே வாசிக்கட்டும் என்று இருவரும் மயிலாப்பூருக்குப் போனார்கள்.

கோயில் அலுவலக எழுத்தர் ஞானதாஸ் சீட்டை நீட்டினார். ராஜநாயகம் 'அ' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. மர்சலினுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. பேச்சை மாற்றினால் தேவலை என்று எழுத்தரிடம் திரும்பினாள்.

"தம்பி, 1914ஆம் வருஷத்து ஞானஸ்நானப் பதிவேடு இருந்தா எடுங்க. எம்டன் குண்டு போட்ட அன்னிக்குத்தான் பொறந்தேன்னு இவரு என் காதை ஓட்டை பண்ணிட்டாரு. இன்னிக்குப் பாத்துடுவோம்."

வந்து இறங்கியது பதிவேடா, பாறாங்கல்லா என்று சொல்ல முடியாது. மேசை முனகியது. ஞானதாஸ் விரலை ஓட்டினார். "பொறந்தது அக்டோபர் ஒம்பதுன்னு போட்டிருக்கு சார்."

"எம்டன் வந்தது செப்டம்பர்!" என்றாள் மர்சலின் வெற்றியோடு.

"கப்பல் கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு" என்று சொல்லிச் சிரிக்க மூச்சை இழுத்தார் ராஜநாயகம். அறுபது வருடத் தூசி மூக்கில் ஏறியது. அடுத்து வந்த தும்மலில் கபாலி கோயில் குளத்து மீன்கள் படியேறி உட்கார்ந்தன என்பது அவர் கட்சி. பதிவேட்டின் தாள்கள் படபடவென்று ஏழு வருடம் பறந்து போய் நின்றன. தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறிக்கும் இதில் பங்கு உண்டு என்பதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நின்ற பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. பக்கத்திலேயே அல்போன்சா, 1921.

இந்தப் பக்கத்தை மட்டும் அவர் திறந்து பார்த்ததே இல்லை. அந்த ஞானஸ்நானத்தில் ஏழு வயசுப் பையனாக மெழுகுவர்த்தி பிடித்து நின்றவர் அவர். தங்கை பிறந்த கதையில் தனக்குத் தெரியாதது என்ன இருந்துவிடப் போகிறது என்று இத்தனை வருடமும் சாவுப் பதிவேடுகளையே துழாவிக்கொண்டிருந்தார்.

ஓரத்தில் லத்தீனில் பொடி எழுத்தாக ஒரு வரி. ஞானதாஸ் குனிந்து படித்தார். "1946ல கல்யாணம். பர்மாவுல மோல்மேன் கோயில்."

"அது எப்படிப்பா இங்க வந்துச்சு?"

"எந்த ஊர்ல கல்யாணம் நடந்தாலும், ஞானஸ்நானம் குடுத்த கோயிலுக்கு அந்தச் சாமியார் எழுதிப் போடணும் சார். இங்க ஓரத்துல குறிச்சுக்குவாங்க." அவர் விரல் கீழே இறங்கியது. அங்கே பென்சிலில் இன்னொரு வரி. "1968ல இவங்களே வந்து ஞானஸ்நானச் சர்ட்டிபிகேட் நகல் வாங்கிட்டுப் போயிருக்காங்க. விலாசம் வியாசர்பாடி, பர்மாக்காரங்க குடியிருப்பு..."

மர்சலின் கணவர் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள்.

இரண்டு பஸ் மாறி வியாசர்பாடியில் இறங்கினார்கள். டீக்கடைக்காரர் கையை நீட்டினார். "பர்மா டீச்சரம்மாவா நைனா? அதோ பச்சைக் கதவு கீது பாரு, அதான்."

கதவைத் திறந்தவளுக்குத் தலை நரைத்திருந்தது. இடது தோள் சாய்ந்திருந்தது. அவரையே பார்த்தாள்.

"அண்ணே..."

ராஜநாயகம் தலையை ஆட்டியபடி படியேறினார்.

"அப்பா?" என்று கேட்டாள்.

"அம்பத்தொண்ணுல போயிட்டாரும்மா. கடைசி வரைக்கும் தபால்காரன் வர்ற நேரத்துக்கு வாசல்ல போய் நிப்பாரு."

அல்போன்சா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அறுவத்தஞ்சுல வந்து இறங்கினதும் நம்ம தெருவுக்குத்தாண்ணே போனேன். வீட்ல வேற யாரோ இருந்தாங்க. யாருக்கும் உங்களைத் தெரியல. மூணு நாள் எதிர்ப்பக்கம் நின்னு பாத்தேன், நம்மாளு யாராச்சும் அந்தப் பக்கம் வரமாட்டீங்களான்னு."

"அடையாறுலதான் இருந்தேன். நம்ம தெருவுலேர்ந்து ரெண்டே மைல்."

ஒரே ஊரில் எட்டு வருடம். அழுதுவிடுவோம் என்று தெரிந்ததும், ராஜநாயகம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பித்தார்.

"உன்னை எப்படிப் புடிச்சேன்னு கேளு. ஒரே தும்மல்! ஏழு வருஷம் பறந்துச்சு! உன் பேருல வந்து நின்னுச்சு!"

கண்ணில் நீர் வழிய அல்போன்சா சிரித்துவிட்டாள். "இந்தப் புளுகு மட்டும் மாறவே இல்ல." இதுவரை பார்த்தே இராத மர்சலினின் கையைப் பிடித்தாள். "நீங்க சொல்லுங்கண்ணி, நெசமாவா?"

மர்சலின் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கணவரை ஒருமுறை பார்த்தாள்.

"ஆமாம்மா. நான் பக்கத்துலதான் நின்னேன். தும்மினாரு, தாள் திரும்புச்சு, உன் பேரு இருந்துச்சு. நடந்ததுதான்."