கடுகு வைக்கும் உரிமை

1483 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் அன்று நடப்பதாக இருந்த முடிசூட்டு விழா நடக்கவில்லை.

அன்று புனித பவுல் தேவாலய முற்றத்தில் ஒரு பிரசங்கம் நடந்தது. இறந்துபோன அரசர் ராணியை மணப்பதற்கு முன்பே வேறொரு பெண்ணுக்குத் திருமண வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே ராணிக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு வாரிசுரிமை இல்லை என்றார் பிரசங்கி. நான்கு நாள் கழித்து, அவருடைய மகனான பன்னிரண்டு வயது அரசன் அரசனாக இல்லை. பிரபுக்களும் நகரத்தாரும் ஒரு விண்ணப்பச் சுருளோடு போய் அவனுடைய சித்தப்பாவை ஆட்சியேற்கும்படி வேண்டிக்கொண்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார். ஜூலை 6 அன்று அவருக்கு முடிசூட்டு என்று அறிவிப்பு வந்தது.

வெஸ்ட்மின்ஸ்டரில் எங்கள் அறையில் பழைய வேலை மறுபடியும் தொடங்கியது. முடிசூட்டு நாளில் இன்ன பணி தன் பரம்பரை உரிமை என்று வருகிறவர்களின் மனுக்களைத் தீர்ப்பது எங்கள் மன்றம். ஒருவர் துவாலை பிடிப்பார், ஒருவர் கையுறையை வாங்கி வைத்துக்கொள்வார். அந்தப் பணிக்காகத்தான் அவர்களுடைய முன்னோருக்கு நிலம் கிடைத்தது. பணி யாருடையதோ நிலமும் அவருடையது. மே மாதமே எல்லாவற்றையும் தீர்த்து வைத்திருந்தோம். மனுக்களில் அரசரின் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தோம்.

மார்ல்ஹோ எஸ்ஸெக்ஸில் இருக்கும் ஊர். அதன் உடைமையாளர் முடிசூட்டு விருந்தில் அரசரின் மேசைக்குக் கடுகு விழுது கொண்டுபோய் வைக்க வேண்டும். உடைமையாளர் ஹ்யூ ஆர்டெர்ன் சென்ற குளிர்காலத்தில் இறந்துவிட்டார். அவர் மகன் பியர்ஸுக்கு வயது ஆறு. தாய் தாமசின் மே மாதம் மனுக் கொடுத்தாள்: உரிமை பையனுடையது, அவன் சார்பில் அவனுடைய சித்தப்பா ஜெர்வேஸ் கடுகைக் கொண்டுபோவார். ஜெர்வேஸும் சம்மதித்துக் கீழே முத்திரை வைத்திருந்தார்.

ஜூலை 1 அன்று அதே ஜெர்வேஸ் வேறொரு மனுவோடு வந்தார். தாமசினை மணப்பதற்கு முன்பே அண்ணன் ஹ்யூ கோல்செஸ்டரில் ஒரு நெசவாளியின் மகளுக்குத் திருமண வாக்குக் கொடுத்திருந்தாராம். ஆகவே பியர்ஸ் வாரிசு இல்லை. கடுகும் மார்ல்ஹோவும் தனக்கே.

என்னோடு எழுத்தராக இருந்த ஏமியஸ் படித்துவிட்டு மனுவை என் பக்கம் தள்ளினான்.

"பிரசங்கத்தை அப்படியே காப்பி அடிச்சிருக்கான்யா. ஊர்ப் பேரை மட்டும் மாத்தியிருக்கான்."

"நீதிபதி தள்ளிடுவாரு."

"எப்படித் தள்ளுவாரு? இந்தக் கதை பொய்யின்னா..." ஏமியஸ் ஜன்னல் வழியே அரண்மனையைப் பார்த்தான். "வேண்டாம்பா. எனக்குக் கழுத்து ஒண்ணுதான் இருக்கு."

வியாழக்கிழமை விசாரணை. நீதிபதி சர் எல்லிஸ் எழுபதை நெருங்கியவர். நான்கு அரசர்களைப் பார்த்தவர். ஒருவரைப் பற்றியும் கருத்துச் சொல்லாதவர். தாமசின் கறுப்பு உடையில் வந்திருந்தாள். சேறு முழங்கால்வரை காய்ந்திருந்தது.

"அந்த நெசவாளி மக எங்க, கொழுந்தனாரே? கூட்டிட்டு வாங்களேன், நானும் பாக்கறேன்."

"செத்துப்போயிட்டா, அண்ணி."

"சாட்சி?"

"அண்ணன் என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"பல வருஷம் ஆச்சு."

"அப்போ மே மாசம் எம் பையன்தான் வாரிசுன்னு முத்திரை வச்சீங்களே, அது எந்தக் கையி?"

மே மாதத்தில் அண்ணன் மகனுக்கு விசுவாச உறுதி எடுத்தவர்களில் புதிய அரசரும் ஒருவர். இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. சர் எல்லிஸ் என்னைப் பார்த்தார்.

"இதை எழுத வேண்டாம்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஜெர்வேஸ் முதல் தடவையாகச் சிரித்தார். "அண்ணி, நாட்டுக்கே பொருந்துற நியாயம் மார்ல்ஹோவுக்குப் பொருந்தாதா? ஐயாவையே கேளுங்க."

மறுத்தால் பிரசங்கத்தையே மறுத்ததாகிவிடும்; சர் எல்லிஸ் மனுவை மறுபடியும் புரட்டினார். தாமசின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் அழுவாளா, கத்துவாளா, வெளியே போய்விடுவாளா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ சந்தையில் விலை கேட்பவளைப் போலச் சாதாரணமாகக் கேட்டாள்:

"சரி கொழுந்தனாரே. நாட்டுல நடந்த மாதிரியே நடக்கட்டும். நம்ம ராஜா தானா வந்து எனக்குக் குடுன்னு கேட்டாரா?"

"இல்லை..."

"ஊரே போய் நீங்கதான் வரணும்னு கெஞ்சுச்சு. சுருள் எழுதிக் குடுத்துச்சு. அதுக்கப்புறம்தான் வந்தாரு. அதுதானே நியாயம், ஐயா? உங்களை யாரு கெஞ்சினாங்க? மார்ல்ஹோவுல எந்தக் குடியானவன் வந்து உங்க கால்ல விழுந்தான்?"

ஏமியஸ் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டான். சர் எல்லிஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் பத்து நாளாகக் காணாத தெளிவு.

"இதை எழுதிக்கோ," என்றார். "மேன்மைதங்கிய அரசர் காட்டிய வழியையே இந்த மன்றம் பின்பற்றுகிறது. மனுதாரர், மார்ல்ஹோ குடியானவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தம்மை வேண்டிக்கொள்ளும் விண்ணப்பத்தைச் சனிக்கிழமை மாலைக்குள் கொண்டுவரட்டும். கொண்டுவந்தால் உரிமை அவருடையது. இல்லையென்றால் பையனுடையது."

"ஐயா, போகவே ஒரு நாள் ஆகும்!"

"அப்போ இங்க நின்னு ஏன்யா பேசிட்டு இருக்க? குதிரை கிளம்பட்டும்."

ஜெர்வேஸ் ஓடினார். மார்ல்ஹோவில் குடியானவர்கள் நாற்பத்தொரு பேர். சுருளில் இருபத்தொரு பேரின் கையெழுத்துக் குறிகள் வேண்டும். முடியுமா முடியாதா என்று எங்கள் அறையில் இரண்டு நாளும் இதே பேச்சு. ஏமியஸ் நம்பிக்கையோடு சொன்னான்: "பயந்து போட்டுடுவானுங்க. நாளைக்கு இவன்தான் எஜமான்னா எவன் பகைச்சுக்குவான்?" எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சனிக்கிழமை மணி ஐந்தைத் தாண்டியபோது ஜெர்வேஸ் வந்தார். தொப்பியில் புல் ஒட்டியிருந்தது. சுருளை மேசைமேல் போட்டார். சர் எல்லிஸ் பிரித்தார். ஒன்பது குறிகள்.

"புல் அறுக்கிறாங்க, ஐயா," என்றார் ஜெர்வேஸ் ஆத்திரத்தோடு. "ஒருத்தனும் அரிவாளைக் கீழ வைக்க மாட்டேங்கிறான். மழை வர்றதுக்குள்ள காயணுமாம். பின்னாடியே வயல் முழுக்கச் சுத்தினேன். ஒரு கிழவன் சொல்றான், போன மாசம் சின்னவருதான் எஜமான்னு நீங்கதானே வந்து சொன்னீங்க, ஒரு முடிவுக்கு வந்துட்டு அப்புறம் வாங்கங்கிறான்!"

"ஒன்பது," என்றார் சர் எல்லிஸ். சுருளை மடித்து என்னிடம் கொடுத்தார்.

வெளியே படிக்கட்டில் தாமசினிடம் கேட்டேன்: "அவங்க போட மாட்டாங்கன்னு எப்படித் தெரியும், அம்மா?"

"தெரியாது," என்றாள். "புல் காயுற வாரம்னு மட்டும்தான் தெரியும்."

மறுநாள் விருந்தில், பியர்ஸ் ஆர்டெர்னின் சார்பில், தாமசினின் அண்ணன் வால்டர் ப்ரூம் கடுகு விழுதை அரசரின் மேசையில் வைத்தார். மார்ல்ஹோ பியர்ஸின் பெயரிலேயே பதிவானது.