மூணு ஓட்டு அண்ணனுக்கு

அவள் வேலை பார்ப்பது பல்கலைக்கழகத்தில். வேலை, ஓட்டு ஆராய்ச்சி. மூன்று பேரை உட்காரவைத்து, ஒருவருக்கு மூன்று ஓட்டு, மற்றவர்களுக்கு இரண்டிரண்டு கொடுப்பாள். நான்கு சேர்ந்தால் ஜெயம். யார் இருவர் சேர்ந்தாலும் ஜெயம் என்பதால் மூவருக்கும் பலம் ஒன்றுதான். ஆனால் ஒரே ஆட்டத்தோடு நிறுத்தினால், மூன்று கிடைத்தவர் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார், இரண்டு கிடைத்தவர்கள் வாலைச் சுருட்டிக்கொள்வார்கள். நாற்பது ஆட்டம் ஆடவிட்டு, சீட்டில் எழுதி மூடித் தரச் சொன்னால் எல்லாம் தலைகீழ்; இரண்டும் மூன்றுக்குச் சளைத்ததில்லை என்று அவர்களுக்கே புரிந்துவிடும். சோதனையை அமைக்கிற விதத்தில்தான் முடிவே இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள்.

அம்மா மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தாள். ஆபரேஷனைத் தாங்குவது சந்தேகம், செய்யாவிட்டால் சில வாரங்கள்தான் என்றார் டாக்டர். ஆபரேஷனா, வீடா? பிள்ளைகள் மூவரும்தான் முடிவு சொல்ல வேண்டும்.

"இத்தனை வருஷம் அம்மாவப் பாத்துக்கிட்டவன் நான்," என்றான் அண்ணன். நியாயம்தானே!

"சரி, உனக்கு மூணு ஓட்டு. எனக்கும் தங்கச்சிக்கும் ரெண்டு ரெண்டு. நாலு வந்தா முடிவு," என்றாள் இவள். பெரிய மேதாவி! சீட்டுமில்லை, ஒத்திகையுமில்லை. வராந்தா பெஞ்சில், வயது வரிசையில், வாய்விட்டுச் சொன்னார்கள்.

"ஆபரேஷன்," என்றான் அண்ணன்.

"வீடு," என்றாள் இவள்.

தங்கை இருவர் முகத்தையும் பார்த்தாள். "ஆபரேஷனே இருக்கட்டும்."

அம்மா ஆபரேஷன் மேஜையிலேயே, முகம் தெரியாதவர்கள் நடுவில் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, அம்மாவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தபோது தங்கை உடைந்துபோனாள்.

"எனக்கும் அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னுதான் இருந்துச்சுக்கா. அண்ணனுக்கு மூணு ஓட்டு, என் ரெண்டு எந்த மூலைக்குன்னு பேசாம அவன் பக்கம் சாஞ்சுட்டேன். நான் மாத்திச் சொல்லியிருந்தா அம்மா வந்திருப்பாளா?"

முன்பின் தெரியாதவர்களுக்கு நாற்பது வாய்ப்புக் கொடுத்தவள், கூடப்பிறந்தவளுக்கு ஒன்றே ஒன்றுதான் கொடுத்திருந்தாள்.

"சேச்சே, ஒண்ணும் மாறியிருக்காதுடி. அண்ணனுக்குத்தானே அதிகம்?"

"நெஜமாவாக்கா?"

"இதுதானேடி என் வேலை? எனக்குத் தெரியாதா?"

தங்கை அவள் மடியில் சாய்ந்து விம்மினாள். இவள் அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டிப் பார்க்க, பாவி மகளுக்கு ஆயுசுக்கும் தோன்றிவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.