முந்தினால்தான் நிற்பார்

கம்பெனியின் பந்தய ஓட்டுநர் முப்பத்தைந்து வருடங்களாக ஒரே பந்தயத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். பந்தயம் எப்போதோ முடிந்துவிட்டது. அவருக்கு மட்டும் முடியவில்லை. தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த ஓடுதளத்தில் அவருடைய சாம்பல் நிற வண்டி சுற்றிக்கொண்டே இருந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு வாரம் வேலிப் பக்கம் போய் நின்று பார்த்தார்கள். அப்புறம் பக்கத்தில் ரயில் போனால் எப்படியோ அப்படி, ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

அந்தக் கம்பெனி முதலில் பந்தயத்துக்கு வண்டி செய்யவில்லை. வசதியானவர்களுக்குச் செய்தது. தோல் இருக்கை, மெருகேற்றிய மரம், மூடினால் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் மட்டும் தருகிற கதவு. சக்கரம் வைத்த சோபா என்று மற்ற கம்பெனிக்காரர்கள் கிண்டலடித்தார்கள். பெரிய முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு வண்டியிலிருந்து சோபாவையும் மரத்தையும் பிடுங்கி எறிந்தார், எஞ்சினைப் பெரிதாக்கினார், மலைப்பாதைப் பந்தயத்துக்கு அனுப்பினார். அது ஜெயித்தது. அடுத்த சில வருடங்களில் பகலும் இரவும் ஓடுகிற நீண்ட பந்தயங்களையும் கம்பெனி ஜெயித்தது. அந்த வண்டிகளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மழையில் வழுக்காது, வெயிலில் கொதிக்காது. உடைந்தாலும் ஓட்டுநரை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் உடையும் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். முதலாளி போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. முதலிடத்தில் போகிறவரை யாரும் ஓட்டத்தை நிறுத்தி உள்ளே கூப்பிடக்கூடாது, கூப்பிட்டாலும் அவர் வரக்கூடாது.

கம்பெனி ஓடுதளத்திலேயே நடந்த அந்தக் கடைசிப் பந்தயத்தின் பாதியில் பனிமூட்டம் இறங்கியது. எதிரில் நீட்டிய கையே தெரியவில்லை. கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். எல்லா வண்டிகளும் உள்ளே வந்தன, அவர் வரவில்லை. முதலிடத்தில் இருந்தார், கொடியைப் பார்க்கவில்லை. மறுநாள் மூட்டம் விலகியபோதும் சுற்றிக்கொண்டிருந்தார். போர்டு காட்டுகிறவர் 'உள்ளே வா' என்று எழுதிய போர்டை உயர்த்திப் பிடித்தார். ஓட்டுநர் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். நான் முதலிடத்தில் இருக்கிறேன், என்னை ஏன் கூப்பிடுகிறாய் என்று அர்த்தம். கொடி அசைத்தும் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் எதிர்க் கம்பெனிக்காரர்கள் பொய்க் கொடி அசைத்து ஏமாற்றுவது உண்டு, அதனால் அதையும் அவர் நம்பவில்லை. அன்று சாயங்காலமே பெட்ரோல் தீர்ந்தது. எஞ்சின் சத்தம் அடங்கியது, வேகம் அடங்கவில்லை. சில மாதங்களில் டயர்கள் தேய்ந்து கம்பி தெரிந்தது. அதன் பிறகு வண்டி தரையிலிருந்து ஒரு விரற்கடை மேலே போக ஆரம்பித்தது. மெக்கானிக்குகள் குனிந்து பார்த்துவிட்டு, இனிமேல் டயர் மாற்றும் வேலை இல்லை என்றார்கள்.

அவருடைய மனைவி கம்பெனியில் இருக்கைகளுக்குத் தோல் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வருடக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தூக்கிக்கொண்டு வேலியோரம் போய்க் காட்டினாள். அவர் ஒற்றை விரலைத் தூக்கினார்.

"ஆமா, ஒண்ணுதான். போதும்" என்று அவளும் கத்தினாள்.

பெரிய முதலாளி இறந்தார். பந்தயம் என்றால் தொல்லை என்று கம்பெனி ஒதுங்கிக்கொண்டு மறுபடியும் சோபாக்களைச் செய்தது. ஆனால் வண்டி வாங்க வருகிறவர்களை மாடியில் நிறுத்தி ஓடுதளத்தைக் காட்டுவார்கள். 'நாங்கள் இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறோம்' என்று விளம்பரம் செய்தார்கள். பொய் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவரை நிறுத்த வேண்டுமென்றால் முந்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெளியூர் ஓட்டுநர்கள் சிலர் பெயர் வாங்குவதற்காக வந்து முயன்றார்கள். சத்தமில்லாமல் போகிறவருக்குப் பின்னால் வருகிற எஞ்சின் வெகு தூரத்திலேயே கேட்டுவிடும். உடனே காலை இன்னும் அழுத்துவார். ஒருத்தர் விடாமல் துரத்தி, மூன்றாவது வளைவில் தடுப்பில் போய்ச் சொருகி, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதோடு அந்த ஆசையை எல்லாரும் விட்டார்கள்.

மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே வளர்ந்தாள். கண்டதெல்லாம் ஒரு ஹெல்மெட்டும் ஒரு விரலும்தான். அவர் போகிற வேகத்தில் அதற்கு மேல் தெரியாது. வீட்டில் போட்டோ இருந்தது, அதில் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

"வந்தா வரட்டும். வரலேன்னா அவர் போற காத்துல துணியாவது காயுது" என்பாள்.

மகள் பந்தய ஓட்டுநராகத்தான் ஆனாள். வேறு கம்பெனிகளுக்கு ஓட்டினாள், ஜெயித்தாள், ஆனால் எந்த எஞ்சினையும் எடுத்துக்கொண்டு இந்த ஓடுதளத்துக்கு வரவில்லை. வந்து பிரயோஜனம் இல்லை என்று தெரியும்.

அவளுக்கு முப்பது தாண்டியபோது சின்ன முதலாளி மின்சார வண்டிப் பந்தயத்தில் இறங்க முடிவு செய்தார். புத்திசாலித்தனமான முடிவு. சத்தம் வராமல் கதவு செய்யத் தெரிந்த கம்பெனிக்குச் சத்தம் வராமல் வண்டி செய்ய எவ்வளவு நேரம் ஆகும். முதல் வண்டியைத் திரை விலக்கிக் காட்டியபோது, அதற்குள் கிழவராகிவிட்ட போர்டு காட்டுகிறவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"இது வண்டியா, ஃப்ரிட்ஜா?"

"ஃப்ரிட்ஜாவது உறுமும், பெரியவரே" என்றான் பேட்டரி பார்க்கிற இன்ஜினீயர்.

மகளை ஓட்டுநராக எடுத்துக்கொண்டார்கள். மின்சாரப் பந்தயத்தில் காலை அழுத்தத் தெரிந்தால் போதாது, எடுக்கத் தெரிய வேண்டும். வளைவுக்கு முன்னால் எங்கே காலை எடுக்கிறோமோ அங்கே வண்டி செலவழித்த மின்சாரத்தில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதை அவள் ஒரே பந்தயப் பருவத்தில் கற்றுக்கொண்டாள். மற்றவர்கள் கடைசிச் சுற்றில் சார்ஜ் தீர்ந்து தள்ளாடும்போது இவள் மிச்சம் வைத்துக்கொண்டு முந்திப் போவாள். கம்பெனி மறுபடியும் ஜெயிக்க ஆரம்பித்தது. அந்த வருடம் முடிந்ததும் அவள் சின்ன முதலாளியின் அறைக்குப் போய், நம்முடைய ஓடுதளத்தில் ஒரு நாள் வண்டியை எடுக்க வேண்டும் என்றாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

"அவரை முந்திட்டா நம்ம விளம்பரம் என்னம்மா ஆகறது?"

"முந்தறதும் உங்க வண்டிதானே, சார்."

அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். சாம்பல் வண்டி போனது. அது இன்னொரு முறை வருகிற வரைக்கும் ஜன்னலிலேயே நின்றார்.

"உங்கப்பா கோச்சுக்குவாரு."

"கோச்சுக்கட்டும். நேர்ல வந்து கோச்சுக்கட்டும்."

மறுநாள் பகலில், தொழிற்சாலையில் வேலையை நிறுத்தாமலே, அவள் வண்டியை எடுத்தாள். சில சுற்றுகள் பின்னாலேயே போனாள். டயர் சத்தம் காற்றோடு கலந்துவிட்டது, அவர் திரும்பவில்லை, காலை அழுத்தவும் இல்லை. வளைவுகளில் காலை எடுத்து எடுத்து மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டாள். பிறகு நேர்ப் பாதையில் சேர்த்ததையெல்லாம் கொட்டினாள். இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒரே வேகத்தில் போனதால் முதல் தடவையாக அவள் கண்ணுக்கு அவர் அசையாமல் இருந்தார். அவள் பார்த்தாள். கிழவரை எதிர்பார்த்திருந்தாள். உள்ளே இருந்தவர் வாலிபர். மீசை ஒழுங்காக முளைக்கவில்லை, முகவாயில் ஒரு பரு. கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து ஏதோ பாடிக்கொண்டிருந்தார். அவர் சந்தோஷமாக இருந்தார். அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. கால் தானாகத் தளர்ந்தது, வண்டி ஒரு முழம் பின்வாங்கியது.

"அக்கா, சார்ஜ் இறங்குது" என்றான் இன்ஜினீயர், ஹெல்மெட் ரேடியோவில், காதுக்குள். "விட்டீங்கன்னா இனிமே உஷாராயிடுவாரு. அப்புறம் இந்த வண்டியாலயும் பிடிக்க முடியாது."

"பாடறாருடா."

"இறங்கி வந்து பாடட்டும்கா."

அவள் காலை அழுத்தினாள். வளைவுக்கு முன்னால் அரை வண்டி நீளம் முன்னால் போய், வளைவு முடிந்தபோது முழு வண்டி முன்னால் இருந்தாள். கண்ணாடியில் பார்த்தாள். பாட்டு நின்றிருந்தது. அந்தச் சுற்று முடிந்ததும் சாம்பல் வண்டி, யாரும் போர்டு காட்டாமலே, ஒழுங்காக உள்ளே திரும்பியது. நின்றதும் ஒரு விரற்கடை இறங்கித் தரையில் உட்கார்ந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தார்.

"யாருய்யா அது? குரல் குடுக்காம வர்றது? திருடனாட்டம்."

தையல் பிரிவிலிருந்து அவருடைய மனைவி கையில் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, கலைந்த தலைமுடியைச் சரி செய்துகொண்டார்.

"அத்தை, நீங்க எப்ப வந்தீங்க? அவ எங்க?"

"எங்கம்மா போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆச்சு" என்றாள் அவள். "நான்தான். மூஞ்சியக் கழுவிட்டு வாங்க, ஒரே புழுதி."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து முந்தியது யார் என்று சொன்னார்கள். மகளை மேலும் கீழும் பார்த்தார். வயது கேட்டார். தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள் என்று தெரிந்ததும் மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார். முதல் சில மாதங்கள் அவளை நீங்க, வாங்க என்றுதான் பேசினார். அம்மா அவருக்கு முன்னறையைக் கொடுத்தாள். பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது, பழகட்டும் என்றாள். பழகியது. சாயங்காலங்களில் கணவனும் மனைவியும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இல்லாமல் போன வருடங்களில் யார் யார் செத்தார்கள் என்று அவள் வரிசையாகச் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாதம் மின்சார வண்டி கேட்டார். முதலில் அவருக்கு வரவில்லை. காலை எடுக்கத் தெரியாத மனிதர், ஒவ்வொரு பயிற்சியிலும் பாதியில் சார்ஜ் தீர்ந்து நடந்து வந்தார். மகள் கத்தினாள், அவர் முறைத்தார், மறுபடியும் ஏறினார். அடுத்த பருவத்தில் கம்பெனியின் இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்துக்கொண்டார்கள். மகளுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்து முடிப்பார், சில நாள் மூன்றாவதாக. நன்றாகவே ஓட்டினார். வயது எல்லாரையும்போல வருடத்துக்கு ஒன்று கூடியது.

வெளியூர்ப் பந்தயம் ஒன்றில் கேட்டில் இருந்த காவலாளி இருவரையும் நிறுத்தினான்.

"அப்பாவும் பொண்ணும் ஓட்டறாங்கன்னு சொன்னாங்க. அப்பா எங்கம்மா? பின்னால வர்றாரா?"

அவள் பக்கத்து இருக்கையைக் காட்டினாள்.

"இவருதான்."

காவலாளி குனிந்து உள்ளே பார்த்தான், சரி என்று தலையை ஆட்டினான், தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டு அடுத்த வண்டியிடம் போனான்.